அரை கப் பட்டாணி

முதல் நாள் எங்களிடம் தந்தது புத்தகமல்ல,
ஒரு நீலப் பெட்டி.
உள்ளே ரப்பர் கோழித் துண்டு,
ரப்பர் ரொட்டி, எந்த வெயிலுக்கும் உருகாத வெண்ணெய்,
அரை கப் பட்டாணி.
எத்தனை கை மாறினாலும்
ஒன்றையொன்று விடாத பட்டாணி.

நெப்ராஸ்காவில் செப்டம்பர்.
வகுப்பறைச் சன்னல்வரை சோளம் காய்ந்து நின்றது.
நாங்கள் பதினோரு பேர்.
விடுதிக்கு இரண்டு பேர், நூலகத்துக்கு இரண்டு பேர்,
உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஒருத்தி.
அந்த ஒருத்தி நான்.

நல்ல உணவு என்று சொல்லாதே.
கெட்ட உணவு என்று சொல்லவே சொல்லாதே.
அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்காதே.
நீ மருத்துவர் அல்ல, பக்கத்து அறைக்காரி.
கேள்.
கேட்டுவிட்டு, கேள்.
கேள்விக்குப் பிறகு ஏழு எண்ணும்வரை
வாயைத் திறக்காதே.

ஏழு எவ்வளவு நீளம் என்பது
துன்யாவோடு ஒத்திகை பார்த்தபோது தெரிந்தது.
காலையில் சாப்பிடாத மாணவி வேடம் அவளுக்கு.
"ஏன் சாப்பிடுவதில்லை?" என்றேன்.
"ஏன் என்று கேட்டால் போலீஸ் மாதிரி இருக்கு"
என்றான் பின்வரிசை ரெஸாக்.
"உன் காலை எப்படிப் போகும்?" என்று மாற்றினேன்.
நான்கு எண்ணுவதற்குள்
துன்யா வேடத்தைக் கழற்றிவிட்டாள்.
"சாப்பாட்டு அட்டையில் பணம்
மூன்றாம் வாரத்தோடு காலி" என்றாள், சிரித்தபடி.
அன்று யாரும் குறிப்பெடுக்கவில்லை.
ரெஸாக் தன் பையைத் துழாவிக்கொண்டேயிருந்தான்.

நவம்பர். என் மேசை
எடைக்கருவிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில்.
இரண்டு மணி நேரத்தில் மூன்று பேர்
கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள்.
ஒருவன் புரதப் பொடி டப்பாவைப் படம் காட்டிவிட்டு
பதிலுக்கு நிற்காமல் போனான்.

பிறகு வாசெக் வந்தான். மல்யுத்தக்காரன்.
மேலுக்கு மேல் மூன்று சட்டை,
கையில் ஒரு பாட்டில். குடிப்பதற்கல்ல, துப்புவதற்கு.
பட்டாணியை எடுத்து உள்ளங்கையில் ஏந்தினான்.
"இது எத்தனை கிராம்?"

ஆறு வாரப் பாடமும்
நாக்கின் நுனியில் வரிசை கட்டி நின்றது.
விழுங்கினேன்.
"கடைசியா எப்போ தண்ணி குடிச்சே?"

ஒன்று. இரண்டு.
பின்னால் யாரோ ஓடுபொறியை நிறுத்தினார்கள்.
ஐந்தில் தன் பாட்டிலைப் பார்த்தான்.
ஆறில் அவன் உதட்டு வெடிப்பை நான் பார்த்தேன்.
ஏழு முடிந்துபோயிற்று.
எட்டை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"நேத்து மத்தியானம்" என்றான்.
"நாளைக் காலை எடை. இன்னும் ஆறு பவுண்டு."

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச்
சேர்த்துவைப்பவர்களை அறிவேன்.
இவன் கட்டிக் கட்டிச் செலவழித்துக்கொண்டிருந்தான்,
தன்னையே.

மருத்துவமனை அட்டையை நீட்டி
உட்கார்ந்துவிடக் கூடாது, கூட நடக்க வேண்டும்,
அதுவும் பாடம். எழுந்தேன்.
"வேண்டாம். கோச்சுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"
"தெரியாது" என்றேன்.
அது எந்தப் பாடத்திலும் இல்லை.

அப்போது ஒரு வயிறு கத்தியது.
அவனுடையதல்ல.
"நீ என்ன சாப்பிட்டே?" என்றான்.
நெஞ்சில் ஊட்டச்சத்துத் தோழி என்ற பட்டை.
பயிற்சியே இல்லாமல் அவன் காத்திருந்தான்,
ஏழுக்கும் மேலே.
"கறுப்புக் காபி. ரெண்டு பிஸ்கட்."
"எப்போ?"
"காலையில."
மணி நான்கு இருபது.

தண்ணீர்க் குழாயில் வெகு நேரம் குனிந்து நின்றான்.
குடித்தானா, கொப்பளித்தானா,
முதுகு மட்டுமே தெரிந்தது.
பனியில் இறங்கினான்.
எந்தப் பக்கம் திரும்பினான் என்று
சன்னலில் படிந்த ஆவி சொல்லவில்லை.

படிவத்தில், வந்தவர் எண்ணிக்கை: ஒன்று.
அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன்.
பேசிய பொருள்: தண்ணீர்.
பெட்டிச் சரிபார்ப்பு: கோழி உண்டு, ரொட்டி உண்டு,
வெண்ணெய் உண்டு.
பட்டாணி இல்லை.

எந்தச் சட்டையின் பையில் போட்டானோ.
நாளைக் காலை எடைக்கருவியில் ஏறுமுன்
எடுத்து வெளியே வைக்க வேண்டும்,
அதுவும் கனம்தான்.